“அல்லது” என்றொரு சொல்

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அதன் தீர்மானங்களை முதுகலை மாணவிகளுக்கு ஒரு இலக்கியப் பிரதியைப் போலவே வாசித்துக் காட்டுவேன். சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும். பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும். பதினாறு வயதுக்குப் பிறகே பெண்ணுக்குத் திருமணம். விவாகரத்து உரிமை, கைம்பெண் மறுமணம். தொடக்கப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும். இந்தத் தீர்மானங்களில் பெண், உரிமையுள்ள ஒரு ஆளாக வருகிறாள். பின்னாளில் மேடைகளில் புழங்கிய ‘தாய்க்குலமாக’ அல்ல. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் இறங்கிவிடக்கூடிய ஒரு ஊரில் இப்படிப் பேசியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் ஒரு சொந்த ஊர்ப் பெருமை உண்டு.

ஆனால் அது கட்சி அல்ல, இயக்கம். ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் அப்படிப் பேசலாம். கொள்கையா, மக்கள் ஆதரவா என்ற கேள்வி 1949 செப்டம்பர் 17இல் திமுக பிறந்த பிறகுதான் கூர்மையாகிறது. (ஒரு பெரியவர் இளம்பெண்ணை மணந்ததை முன்வைத்து அந்தப் பிரிவு நடந்தது. மணியம்மையின் மனம் என்ன என்று அன்று யார் கேட்டார்கள்?) 1956இல் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்க முடிவெடுத்தார்கள். 1957இல் 15 இடங்கள், 1962இல் 50, 1967இல் ஆட்சி. வழியில் கடவுள் மறுப்பு திருமூலரின் ஒரே தேவனாக மென்மையடைந்தது. 1963இல் திராவிட நாடு கைவிடப்பட்டது. 1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டு. இவை பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணைப் பற்றிய தீர்மானங்களுக்கு அந்த வழியில் என்ன ஆயிற்று என்பதுதான் என் கவலை.

ஒன்று நடந்தது, அதுவும் முதல் ஆண்டிலேயே. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் சுயமரியாதைத் திருமணச் சட்டம் வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதற்கு முன், 1950களில், இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பின் நிழலில் எத்தனையோ மனைவிகள் மனைவியா இல்லையா என்று தெரியாமல் வாழ்ந்தார்கள். புதிய சட்டம் பழைய திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கியது. அந்தப் பிரிவை வாசித்துப் பாருங்கள். உற்றார் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக, புரிந்த மொழியில் சொல்லலாம். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் அணிவிக்கலாம். அல்லது தாலி கட்டலாம்.

அந்தக் கடைசி ‘அல்லது’வில் நான் நெடுநாள் சிக்கிக்கொண்டேன். இளவயதில் அது எனக்குத் துரோகமாகத் தெரிந்தது. தாலியை அடிமைச் சின்னம் என்ற இயக்கத்தின் பிள்ளைகள், சட்டத்துக்குள் அதற்கும் ஒரு நாற்காலி போட்டுவிட்டார்களே என்று கோபம். இப்போது வேறு மாதிரி வாசிக்கிறேன். இங்கே ‘அல்லது’ எதையும் பறிக்கவில்லை. தாலி வேண்டாம் என்பவளுக்கு முழு உரிமை இருக்கிறது. விட முடியாதவளுக்கும் புரோகிதர் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. ஒரு கட்சி தன் வாசலை அகலமாக்கும்போது உள்ளே இருப்பவள் வெளியே தள்ளப்படவில்லை என்றால், அதைச் சமரசம் என்று திட்ட எனக்கு இனி மனமில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தால் யாருக்கும் ஒரு சென்ட் நிலம்கூடக் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மணப்பந்தலில் தாராளம் காட்டுவது எளிது. செங்கல்பட்டின் இன்னொரு தீர்மானமான சமச் சொத்துரிமை பட்டாவைத் தொடுவது. 1967 முதல் 1976 வரை ஆட்சி இருந்தது. அந்தத் தீர்மானம் காத்துக்கொண்டே இருந்தது. ஏன்? கட்சி கிராமங்களுக்குள் பரவியபோது அதைத் தாங்கியவர்களில் பெரும்பகுதி நிலமுள்ள சாதிகளின் ஆண்கள். மகளுக்குப் பங்கு என்றால் முகம் சுளிக்கப் போவது அவர்கள்தான். பரந்த ஆதரவு என்று கட்சிகள் சொல்லும்போது, யார் பங்கை விட்டுக்கொடுத்து யார் ஆதரவை வாங்குகிறார்கள் என்று கேட்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. 1967 அமைச்சரவையில் இருந்த சத்தியவாணி முத்து, 1974இல் வெளியேறித் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் கட்சி கண்டதையும் இந்தக் கேள்வியோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், மு. கருணாநிதி ஆட்சியில் அந்தச் சட்டம் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்காளி. ஆந்திரம் 1986இலேயே செய்திருந்தது. நாடு முழுவதற்கும் 2005இல்தான் வந்தது. 1989இன் அரசியலைப் பார்க்கும்போது எனக்கு ஒரு ஊகம் உண்டு. எம்ஜிஆர் பக்கம் போன பெண்களின் ஓட்டைத் திரும்பப் பெற வேண்டிய தேவை கட்சிக்கு இருந்தது. அப்படியானால், ஓட்டு ஆசை தள்ளிப்போட்ட கொள்கையை ஓட்டு ஆசையே திரும்பக் கொண்டுவந்தது. கொள்கை தூய்மை என்று மட்டும் பேசுகிறவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் நாள் 1989 மார்ச் 25. சட்டமன்றத்தில் நிதிநிலை அறிக்கை நாளின் அமளியில், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஜெயலலிதா தன் சேலை இழுக்கப்பட்டதாகச் சொல்லி, கலைந்த தலையோடு வெளியே வந்ததும் அதே நாள்தான். உள்ளே என்ன நடந்தது என்பதற்குக் கட்சிக்கொரு கதை இருக்கிறது. நான் சொல்ல வருவது தேதியை மட்டும். மகள்களுக்கு நிலத்தில் பங்கு பிறந்த நாளும், அவையில் ஒரு பெண்ணுக்கு இடமில்லாமல் போன நாளும் ஒன்றாக இருப்பதை எந்தக் கவிஞரும் கற்பனையில் எழுதத் துணிய மாட்டார்.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அன்றைக்கு முன் திருமணமான மகள்களுக்குப் பங்கு இல்லை. என் அம்மாவுக்கு 1976இல் திருமணம், ஆகவே இல்லை. சித்திக்கு 1991இல், ஆகவே உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நிலத்தின் விலை ஏறத் தொடங்கிய காலத்தில், 1996இல், தாத்தா பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினார். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. சித்தியைக் காரில் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார்கள். அக்காவுக்குச் சட்டம் சொன்ன ‘இல்லை’யைத் தங்கைக்கு மாமாக்கள் சொன்னார்கள். 2005 திருத்தம் வந்தபோது எல்லாம் பத்திரமாகிப் பல காலம் ஆகியிருந்தது.

பெயர்கள் எப்படி வளைகின்றன என்பதற்கு மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர், 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியவர். பொட்டு என்பதும் ஒரு பெண்ணின் கழுத்தில் கட்டும் தாலிதான். 1989இல் அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் வந்தது. 2011இல் அதோடு தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராம் ஆனது. ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தாலித் தங்கம்! இதில் இரண்டு கழகங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆனாலும் உதவி பெறக் கல்வித் தகுதி வைத்திருந்ததால், பத்தாவது வரையாவது படிக்கட்டும் என்று மகளைப் பள்ளியில் விட்டுவைத்த வீடுகளை இந்தக் கடற்கரைக் குப்பங்களிலேயே பார்த்திருக்கிறேன். 2022இல் அந்தத் திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். பெயர் மாறவில்லை. இப்போதுதான் அது அம்மையாரின் பெயருக்குப் பொருந்துகிறது.

அந்த ஆயிரம் ரூபாயில் படிக்கும் ஒரு மாணவி, மீன் விற்கும் அம்மாவின் மகள், ஒருநாள் வகுப்பில் என்னைக் கேட்டாள்: “கொள்கையோட நின்னு தோத்துப்போற கட்சியால எனக்கு என்ன மேடம் ஆகப்போவுது?” உடனே பதில் வரவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் 117இல் பெண்களை நிறுத்தியது. ஓர் இடத்திலும் வெல்லவில்லை. வெல்லும் கட்சிகள் அந்தத் துணிச்சல் பக்கமே போகவில்லை. அவைக்கு வந்த பெண்கள் 12 பேர். இழக்க எதுவும் இல்லாதபோது சமத்துவம் மலிவு. இழக்க இருக்கும்போது அதுதான் முதலில் கழித்துக்கட்டப்படுகிறது. இதைத்தான் அவளிடம் சொன்னேன். “அப்ப ஜெயிக்கிறவங்ககிட்ட எங்க அம்மா மாதிரி பேரம் பேசணும்” என்றாள். பேரத்தில் எந்த விலைக்குக் கீழே போகக் கூடாது என்பதை அவள் அம்மா கூடையைத் தூக்கும் முன்பே முடிவு செய்துவிடுவார். அந்த விலைக்குத்தான் கட்சிகளின் மொழியில் கொள்கை என்று பெயர் என நினைக்கிறேன்.

2023 செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைப் பெயரில் ‘உரிமை’யும் ‘தொகை’யும் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் ஒரு கூட்டத்தில் கிண்டல் செய்தேன். செங்கல்பட்டுத் தீர்மானத்தின் உரிமை எங்கே, மாதம் ஆயிரம் எங்கே என்று பேசி, கைதட்டலும் வாங்கினேன். அந்த வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தன் கைப்பேசியில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டினார். முந்தைய மாதங்களுடையதையும் அழிக்காமல் வைத்திருந்தார். தன் பேரில் வரும் முதல் காசு இதுதான் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இதை மாமாங்க யாரும் எழுதி வாங்கிட முடியாதுல்ல பாப்பா?” என்று கேட்டார்.