உணவுக்குழாய் அழற்சியை அளத்தல்: இழையச் சான்றின் வலிமையும் எல்லையும்

1990களின் தொடக்கத்தில் தனிநோயாக இனங்காணப்பட்ட இயோசினோபில் உணவுக்குழாய் அழற்சி என்பது, பெரும்பாலும் உணவுப் புரதங்களின் தூண்டுதலால் இயோசினோபில் எனும் வெண்குருதிக் கலங்கள் உணவுக்குழாயின் உட்சுவரில் திரண்டு, நாளடைவில் குழாயை இறுக்கிக் குறுகச் செய்யும் நாட்பட்ட நோயாகும். விழுங்குவதில் உள்ள சிரமத்தை மட்டும் கொண்டு இதனை அமிலப் பின்னோட்டத்திலிருந்து பிரித்தறிய இயலாது. ஆதலால், அகநோக்கியைச் செலுத்திக் குறைந்தது 6 இழையத் துணுக்குகளை வெவ்வேறு மட்டங்களில் எடுத்து, நுணுக்குக்காட்டியின் உயர்பெருக்கப் புலமொன்றில் 15 அல்லது அதற்கு மேற்பட்ட இயோசினோபில்கள் உள்ளனவா என்று எண்ணிப் பார்ப்பதும், பிற காரணங்களை விலக்குவதும் ஏற்கப்பட்ட நடைமுறையாக உள்ளன.

உட்சுவர் பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் நோயாளியிடத்தும் அழற்சியை வெளிப்படுத்துவதே இம்முறையின் தலையாய வலிமை. நோயாளிகள் மென்று மென்று, நீர் பருகிப் பருகி உண்ணப் பழகித் தம் சிரமத்தைத் தாமே மறைத்துவிடுவதுண்டு. கற்பிட்டி முதல் சிலாபம் வரையான புத்தளக் கரையோரத்தில், சோற்றை மீன்குழம்பிலும் சொதியிலும் குழைத்துண்ணும் வழக்கமும் அம்மறைப்புக்குத் துணைபோகக்கூடும்.

எனினும், அழற்சி திட்டுத்திட்டாகப் பரவுவதாலும், புலத்தின் பரப்பு கருவிக்குக் கருவி வேறுபடுவதாலும், 14க்கும் 16க்கும் இடையே நோயின் எல்லை உறுதியாக வரையப்பட்டுவிட்டதாகக் கொள்ள இயலாது. குழாயின் இறுக்கத்தையும் இவ்வெண்ணிக்கை அளப்பதில்லை. வீக்கம், வளையங்கள், வெண்படிவுகள், நெடுக்குப் பள்ளங்கள், குறுக்கம் ஆகிய ஐந்தையும் மதிப்பிடும் அகநோக்கி அளவுகோல் 2013இல் முன்வைக்கப்பட்டு, இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது.

பெருங்குறை கண்காணிப்பிலேயே தென்படுகிறது. பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டைகள், கடலுணவு ஆகிய ஆறையும் விலக்கிப் பின்னர் ஒவ்வொன்றாக மீளச் சேர்க்கும் முறையில், ஒவ்வொரு படியிலும் அகநோக்கிச் சோதனை வேண்டப்படுவதால், மீன்பிடிக் குடும்பமொன்று அன்றாட மீனையும் பாணையும் இழப்பதோடு தொழில் நாட்களையும் இழக்க நேரிடும். 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், விலங்குப் பாலை மட்டும் விலக்கிய வளர்ந்தோருள் 34 சதவீதத்தினரும், ஆறையும் விலக்கியோருள் 40 சதவீதத்தினரும் இழைய அளவில் தணிவு கண்டனர். இவ்வேறுபாடு புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆகவே, உணவுவழிச் சிகிச்சையைத் தெரிவோர் பால்மாவையும் அதனைக் கொண்ட பண்டங்களையும் முதலில் விலக்கி, மீனையும் தேங்காய்ப்பாலையும் தக்கவைத்துத் தொடங்குவது இக்கரையோரத்துக்கு ஏற்புடையது.

நோயை நிறுவுவதற்கு இழையச் சான்று இன்றியமையாதது. கண்காணிப்பிலோ அது அறிகுறிகளோடும் அகநோக்கித் தோற்றத்தோடும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டும். அறிகுறி தணிந்ததென்று மறுசோதனையைக் கைவிடுவது உள்ளே தொடரும் இறுக்கத்துக்கு இடமளிக்கும். சிகிச்சையை மாற்றப் பயன்படாத சோதனையை மீண்டும் மீண்டும் விதிப்பதோ நோயாளியைச் சிகிச்சையிலிருந்தே விலகச் செய்யும்.