விளையாட்டுப் பொருளும் மறைந்த உழைப்பும்: பார்த்தின் கட்டுரை பற்றி ஒரு குறிப்பு

பிரெஞ்சு விமரிசகர் றோலன் பார்த் 1957 இல் வெளியிட்ட 'மிதோலொஜீ' என்னும் நூலில் விளையாட்டுப் பொருள்கள் பற்றிய சிறு கட்டுரையொன்று இடம்பெறுகின்றது. வளர்ந்தோர் உலகைச் சிறிதாக்கிக் கொடுக்கும் பொம்மைகள் இராணுவம், தபாற்சேவை, மருத்துவம் முதலியவற்றை இயற்கையானவையாகக் குழந்தை ஏற்குமாறு செய்கின்றன என்பது அவரது வாதம். குழந்தை படைப்போனாகாது வெறும் பாவனையாளனாகின்றது. கருத்துநிலை வீட்டினுள் நுழையும் வழியை இத்துணை நுட்பமாகக் காட்டியமை அக்கட்டுரையின் சிறப்பாகும்.

ஆயினும் அதன் இறுதிப் பகுதி மரத்தைப் போற்றிப் பிளாஸ்ரிக்கைச் சாடுகின்றது. மூலப்பொருளின் மீது இத்துணைப் பாரத்தை ஏற்றுவதை நாம் ஏற்பதற்கில்லை. கட்டைகளை அடுக்கும் குழந்தை உலகை வேறு விதமாக அறிகின்றது என்பதை அவரே ஒப்புகின்றார். டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1958 இல் காப்புரிமை கோரிய கட்டைகள் பிளாஸ்ரிக்காலானவை. எனினும், அவற்றைப் பொருத்தியும் பிரித்தும் மீளக் கட்டும் குழந்தை படைப்போனேயாவான்.

பார்த் எழுப்பாத வினா ஒன்றுண்டு: இப்பொருள்களைச் செய்தோர் யாவர்? 1959 இல் அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய பார்பிப் பொம்மை யப்பானிலே தயாரிக்கப்பட்டது. அதன் சின்னஞ்சிறு ஆடைகளை யப்பானியப் பெண்கள் தம் வீடுகளிலிருந்து கையாலே தைத்தனர். அமெரிக்கச் சிறுமியிடம் பொம்மை வந்து சேரும்போது அவ்வுழைப்பின் சுவடு மறைந்துவிடுகின்றது. மார்க்ஸ் பண்ட வழிபாடு என விளக்கியது இதனையே.

அதே பொம்மை இன்று சேகரிப்போரின் அரும்பொருளாகி ஏலத்தில் உயர்விலை பெறுகின்றது. தைத்த கைகளுக்கு அங்கும் இடமில்லை. பொருளின் குறிப்பொருளை ஆராயும் விமரிசனம் அக்கைகளின் வரலாற்றையும் ஆராய்தல் வேண்டும்.