சுவரொட்டியும் கருப்பொருளும்

திரைப்படச் சுவரொட்டி தமிழாய்வுக்குரிய பொருளாகுமா எனச் சிலர் வினவக்கூடும். பழம்பாட்டினுள் நுழைவார்க்குத் துறைக்குறிப்பு வாயிலாக அமைவது போலப் படத்தினுள் நுழைவார்க்குச் சுவரொட்டி வாயிலாக அமைகின்றது. காண்பதற்கு முன்னரே ஒரு படைப்பைப் பற்றிய எண்ணத்தை அது தோற்றுவித்துவிடுகின்றது. ஆதலின் அதனை ஆராய்தல் நம் கடமைக்குப் புறம்பாகாது.

தேனி, கம்பம், போடிநாயக்கனூர்ப் பகுதிகளில் பயிலும் மாணவர் இக்காலத்தில் பாடப்பயிற்சியாகக் குறும்படம் எடுக்கின்றனர். அவர்தம் சுவரொட்டிகளுள் யான் கண்டவை பெரும்பாலும் ஒரே வகையின. மேலே பெரிய முகம். பின்னே முகில் தவழும் மலை. கீழே பெயர்களின் வரிசை. படம் எதனைப் பற்றியது என்பது மட்டும் விளங்குவதில்லை. இக்குறை எங்கிருந்து வந்தது, அதனை நீக்கும் வழி யாது என்பவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வணிகத் திரைப்படத்தின் சுவரொட்டி புறத்திணையைச் சார்ந்தது எனலாம். புறப்பாட்டில் தலைவன் பெயர் கூறப்படும். அப்பெயரே பாட்டுக்குப் பெருமை சேர்க்கும். புகழ்பெற்ற நடிகரின் முகம் சுவரில் செய்வதும் அதுவே. கண்டவர் முன்னரே அறிந்த புகழை அது நினைவூட்டுகின்றது. மாணவர் படத்தில் நடிப்பவரையோ ஊரார் அறியார். அறியாத முகத்தைப் பெரிதாக்குவதால் அறிமுகம் உண்டாகிவிடாது. மாணவர் சுவரொட்டி அகத்திணை நெறியைப் பின்பற்றுதலே தக்கது. ஐந்திணை அகப்பாட்டில் ஒருவர் பெயரையும் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பியர் கொள்கை. பெயரை விலக்கிய அப்புலவர்கள் எதனைக்கொண்டு நம் நெஞ்சைப் பிணித்தனர்? கருப்பொருளைக்கொண்டே பிணித்தனர்.

இதற்குச் சங்கத் தொகை நூல்களே சிறந்த சான்று தருகின்றன. இயற்பெயர் மறைந்துபோன புலவர் சிலர் தாம் படைத்த உவமையாலும் சொற்றொடராலும் பெயர் பெற்றுள்ளனர். குறுந்தொகையில் செம்புலப் பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், கல்பொரு சிறுநுரையார் ஆகியோரும், நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அத்தகையோர். இரண்டு களிறுகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறு ஒன்றே அப்புலவரை இன்றுவரை வாழ்விக்கின்றது. பெயரற்ற மாணவனுக்கும் இதுவே வழியாகும். அவன் சுவரொட்டியைக் கண்டவர், ‘இன்னது வரைந்திருந்ததே, அந்தப் படம்’ என்று மறுநாள் சொல்லுதல் வேண்டும்.

புகழ்பெற்ற நடிகர் துணையின்றி முதற்படம் எடுத்தோர் இந்நெறியைக் கையாண்டமைக்கு வங்கத்தில் ஒரு சான்று உண்டு. சத்யஜித் ராய் சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயின்று, கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய விளம்பர நிறுவனத்தில் பணியாற்றியவர். 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’க்குரிய விளம்பர ஓவியங்களை அவரே அமைத்தார். அக்கதையின் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்தபோதே அதனைத் திரைப்படமாக்கும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது. பின்னர்க் காட்சிகளையும் முன்கூட்டியே வரைந்து வைத்தார். படம் முடிந்தபின் ஏதேனும் ஒரு காட்சியைத் தேடி ஒட்டும் நம் மாணவர் இதனைக் கருதுதல் வேண்டும். சுவரொட்டிக்குரிய ஓவியம் படப்பிடிப்புக்கு முன்னரே உள்ளத்தில் தெளிவுபெற வேண்டும். அதற்கெனத் தனியே நிழற்படம் எடுத்தலும் வேண்டும். ஓடும் படத்தில் 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள ஒரு காட்சியைப் பிரித்தெடுத்து, அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் அளவில் அச்சிட்டால் 6.4 அங்குல அகலமே கிடைக்கும். அதனைச் சுவரளவுக்குப் பெருக்கினால் உருவம் மங்கும்.

இனிக் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வருவோம். இங்கு மலைக்குக் குறைவில்லை. மேகமலையும் சுருளி அருவியும் எவரும் எளிதில் படம்பிடிக்கத் தக்க அழகுடையன. ஆயின் மலை முதற்பொருளாகிய நிலத்தின்பாற்படும். அதனோடு நின்றுவிட்டால் சுவரொட்டி சுற்றுலா அறிவிப்பாகிவிடும். தொல்காப்பியர் கருப்பொருளுள் உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு ‘செய்தி’ என்பதனையும் வைத்தார். செய்தியாவது அந்நிலத்து மக்களின் தொழில். நம் சுவரொட்டிகளில் மலை உண்டு. மலையில் உழைப்பவர் இல்லை.

2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ இவ்வுழைப்பையே பொருளாகக் கொண்டது. மலைப்பாதையில் சுமை சுமக்கும் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க விழைகின்றான். இறுதியில் தனதாயிருந்த நிலத்திலேயே நின்ற காற்றாலைக்குக் காவலனாகின்றான். அப்படத்தின் உரிப்பொருளை ஓர் ஓவியத்தில் அடக்குக என்று எவரேனும் கேட்பின், மூட்டை சுமந்து குனிந்த தோளையும் அதன்மேல் விழும் காற்றாலை இறகின் நிழலையும் வரைக என்பேன். முகம் வேண்டுவதில்லை.

இம்முறையை மாணவர் படத்திற்குப் பொருத்திக் காண்போம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, மேட்டைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண் ஒருத்தியைப் பற்றிய குறும்படம் எனக் கொள்வோம். ஜீப்பு, மலை, ஏலச்செடி, அவள் முகம் ஆகிய அனைத்தையும் நிரப்பினால் எதுவும் நில்லாது. ஜீப்பின் பின்கம்பியைப் பற்றிய கையும் அதில் தொங்கும் தூக்குவாளியும் மட்டும் அமையட்டும். நிறைந்து மேலேறும் தூக்குவாளி மாலையில் வெறுமையாய்க் கீழிறங்குகின்றது. அவள் உடல்வலியும் அவ்வாறே. இஃது உள்ளுறை உவமம். தெய்வம் ஒழிந்த கருப்பொருளே உள்ளுறைக்கு இடமாகும் என்பது விதி. நடிகரைத் தெய்வமாக்கும் சுவர்களுக்கு இவ்விதி இன்றும் பொருந்துகின்றது.

எழுத்தமைப்பும் கருதத்தக்கது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. எனவே அளவு, தடிப்பு, சூழ்ந்த வெற்றிடம் ஆகிய மூன்றால் மட்டுமே தலைப்பை எடுத்துக்காட்ட இயலும். இகர ஈகாரக் கொக்கிகள் மேலேயும் உகர ஊகாரச் சுழிகள் கீழேயும் செல்வதால், இரண்டு வரியில் தலைப்பு அமைப்போர் இடைவெளியைச் சுருக்குதல் ஆகாது. ஓரங்குல எழுத்து ஏறத்தாழ 10 அடித் தொலைவில் நன்கு படிக்கப்படும் என்பது விளம்பரத் தொழிலார் கொள்ளும் அளவு. சாலையின் மறுபக்கம், 30 அடிக்கு அப்பால் தேநீர்க் கடையில் இருப்பவர் படிக்க வேண்டுமாயின் மூன்று அங்குலமேனும் வேண்டும். உழைத்தோர் பெயர்கள் அடியில் சிறிதாக இருப்பினும் இழுக்கில்லை.

இந்நெறிக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். முகமும் வண்ணப் பகட்டும் இன்றேல் கூட்டம் வாராது என்பர். காதற்கதை என்று எண்ணி வந்து, கூலிப் பெண்ணின் கதையைக் கண்டு பாதியில் எழுந்து செல்லும் கூட்டத்தால் மாணவன் பெறும் பயன் யாது? அவனுக்கு வேண்டுவது தன் படத்திற்கு உரிய காண்போர். படத்தில் இல்லாத ஒன்றை வாக்களிக்கும் சுவரொட்டி அவர்களை அவனிடமிருந்து பிரித்துவிடுகின்றது. மேலும், அப்பெண் தன் ஊர்ச் சுவரில் தன் தூக்குவாளியைக் காணும்போது, தன் வாழ்வும் பாட்டுக்குரிய பொருள் என்று உணர்வாள். சங்கப் புலவர் முல்லைக்கும் குறிஞ்சிக்கும் செய்ததும் இதுவே. பெயரறியாப் புலவர்கள் ஒரு கயிற்றாலும் ஒரு நுரையாலும் நிலைபெற்ற மொழியில், நம் மாணவர் ஒரு தூக்குவாளியால் நிலைபெறுதல் அரிதன்று.