மெடிகேர் முகவர்களும் அவர்களைக் கட்டும் விதிகளும்

அமெரிக்காவில் 65 வயதை எட்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 1965-ல் சட்டமானது. அதை எந்த வடிவில் எடுப்பது என்ற கேள்விக்குப் பலருக்குப் பதில் சொல்வது அரசு அல்ல, கமிஷனுக்கு வேலை செய்யும் முகவர். நேராக அரசின் மெடிகேரிலேயே இருந்துகொண்டு மருந்துத் திட்டமும் ‘மெடிகேப்’ துணைக் காப்பீடும் வாங்கலாம். இல்லையென்றால் தனியார் நடத்தும் ‘மெடிகேர் அட்வான்டேஜ்’ திட்டத்தில் சேரலாம். இந்தத் தேர்வில் முதியவர் ஏமாறாமல் இருக்க முகவர் மீதான விதிகள் போதுமா என்பதே கேள்வி.

நடத்தை விதிகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. அழைக்காமல் கதவைத் தட்டக்கூடாது, முன்பின் தெரியாதவருக்கு போன் போடக்கூடாது, விற்பனைக் கூட்டத்தில் சாப்பாடு போடக்கூடாது என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. பரிசுப் பொருள் 15 டாலருக்கு மேல் போகக்கூடாது. 2022-ல் செனட் நிதிக் குழு வெளியிட்ட அறிக்கை, விற்பனை பற்றிய புகார்கள் ஒரே ஆண்டில் இரட்டிப்புக்கும் மேலானதைக் காட்டியது. அந்தக் காலத்தில் பிடியும் இறுகியது. விற்பனைத் தொலைபேசிப் பேச்சைப் பதிவுசெய்து பத்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முதியவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, பொதுவாக 48 மணி நேரம் கழித்தே சந்திக்க வேண்டும் என்று 2023-ல் விதி வந்தது. எனக்கு இவற்றில் மிகச் சிறந்ததாகப் படுவது இந்த 48 மணி நேரம்தான். மகளிடமோ மருத்துவரிடமோ கேட்டுக்கொள்ள முதியவருக்கு அவகாசம் தருவதே அதன் நோக்கம்.

அறிவு விஷயத்தில் நிலைமை வேறு. முகவர் ஆண்டுதோறும் தேர்வு எழுதி 85 சதவீதம் வாங்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விதியை ஒப்பிப்பது வேறு, எந்தத் திட்டம் எங்கே கைவிடும் என்று அறிவது வேறு. ஒரு பாட்டி விழுந்து இடுப்பு அடிபட்டு மூன்று இரவு மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டில், மருந்து, ஊசி எல்லாம் உள்நோயாளிக்குப் போலத்தான். ஆனால் ஆவணத்தில் ‘அப்சர்வேஷன்’, அதாவது கண்காணிப்பு, என்று எழுதியிருந்தால் அரசு மெடிகேர் கணக்கில் அவர் உள்நோயாளி அல்ல. மூன்று நாள் உள்நோயாளியாக இருந்தால்தான் அதன்பின் மறுவாழ்வு இல்லத்தில் தங்கும் செலவை அது ஏற்கும். அட்வான்டேஜ் திட்டங்கள் பலவற்றில் இந்த நிபந்தனை கிடையாது. ஆனால் அங்கே பொதுவாக முன் அனுமதி வாங்க வேண்டும், திட்டத்தின் பட்டியலில் உள்ள இல்லமாகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொல்பவரே தொழில் தெரிந்த முகவர்.

இதைவிடப் பெரியது மெடிகேப். அரசு மெடிகேரில் மருத்துவர் கட்டணத்தில் 20 சதவீதம் நோயாளி தலையில் விழும். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் இல்லை. அந்த ஓட்டையை அடைப்பது மெடிகேப். 65 வயதுக்குப்பின், மருத்துவர் செலவுக்கான ‘பார்ட் பி’ தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்டால் எந்த நோய் இருந்தாலும் நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். அதைத் தவறவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன் போன்ற சில மாநிலங்கள் மட்டுமே வயதானவர்களுக்கு இந்தக் கதவைத் தொடர்ந்தோ ஆண்டுதோறுமோ திறந்து வைக்கின்றன. பிரீமியம் இல்லை, பல்லுக்கும் கண்ணாடிக்கும் பணம் என்று 66 வயதில் அட்வான்டேஜில் சேர்ந்தவர், 74 வயதில் புற்றுநோயோடு திரும்பி வர நினைத்தால் மெடிகேப் கிடைக்காமல் போகலாம். இருக்கும் காப்பீடு என்னவாகும் என்று முகவர் விளக்க வேண்டும் என்ற பொதுவான கட்டளை உண்டு. இவ்வளவு கனமான விஷயத்துக்கு அது போதாது.

ஏன் பல முகவர்கள் இதை அழுத்திச் சொல்வதில்லை? பணத்தைப் பாருங்கள். 2025-ல் பெரும்பாலான மாநிலங்களில் அட்வான்டேஜில் ஒருவரைப் புதிதாகச் சேர்த்தால் முகவருக்கு 626 டாலர் வரை, பிறகு ஆண்டுதோறும் 313 டாலர் வரை. தனி மருந்துத் திட்டத்துக்கு 109 டாலர்தான். மெடிகேப் கமிஷன் இந்த வரம்புக்குள் வராது. ‘உங்களுக்கு இப்போது இருப்பதே போதும்’ என்று உண்மையைச் சொன்னால் ஒரு சென்ட்டும் இல்லை. நிர்வாகச் செலவு என்ற பெயரில் நிறுவனங்கள் இதற்கு மேலும் கொடுப்பதைக் கட்டுப்படுத்த 2024-ல் அரசு விதி போட்டது; டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அது அமலாகும் முன்பே நிறுத்திவைத்தது.

கிரீன் கார்டில் பிள்ளைகளிடம் போய், ஐந்தாண்டுகள் தொடர்ந்து வசித்தபின் கட்டணம் கட்டி மெடிகேரில் சேரும் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க இன்னொன்றும் உண்டு. திட்டத்தின் எல்லைக்கு வெளியே தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் அட்வான்டேஜ் திட்டம் பொதுவாகப் பெயரை நீக்கிவிடும். மெடிகேப் வகைகள் சிலவோ, வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சையில் 80 சதவீதத்தை ஏற்கும், வாழ்நாளுக்கு 50,000 டாலர் வரை. ‘வருஷத்துக்கு எத்தனை மாசம் ஊர்ல இருப்பீங்க?’ என்று கேட்காத முகவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் தீர்ப்பு இது. முகவரின் நடத்தையை விதிகள் நன்றாகவே கட்டுகின்றன, அறிவைப் பாதியளவு சோதிக்கின்றன, அவர் யார் பக்கம் சாய்வார் என்பதைத் தீர்மானிக்கும் பணத்தைப் போதிய அளவு தொடவில்லை. மெடிகேப் எச்சரிக்கையைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும்; எந்த வழியைத் தேர்ந்தாலும் முகவருக்கு ஒரே ஊதியம் கிடைக்க வேண்டும். அதுவரை, கமிஷன் வாங்காத ஆலோசகர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் ‘ஷிப்’ என்ற திட்டத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறார்கள். முகவரிடம் போகும் முன் அவர்களிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.