பக்கத்தில் உட்காரும் ஆள்

சிறப்புக் கல்வி பற்றிப் பேச்சு வந்தா முதல் கேள்வி, "எத்தனை டீச்சர்?" என்பதுதான். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் மத்திய அரசு விகிதம் அறிவித்தது. தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர். நல்ல விஷயம். ஆனால் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரும் உதவியாளரை யார் வழிநடத்துவது? விகிதத்தில் அதற்குப் பதில் இல்லை.

எங்க சேத்தியாத்தோப்பு இருக்கிற கடலூர் மாவட்டம் மட்டுமில்ல, தமிழ்நாடு முழுக்க அரசின் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகப் போய் வருகிறவர்கள். அவர் வராத நாளில் குழந்தையோடு இருப்பது வகுப்பாசிரியரோ, ஆயாவோ, சில நேரம் அம்மாவோ. இவங்களுக்கு எதைச் செய்யக் கூடாதுன்னும் யாராவது சொல்லித் தரணும். சட்டைப் பொத்தானை ஆயா போட்டுவிட்டால் ஒரு நிமிஷம். பிள்ளை தானே போட்டால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம்தான் பாடம்.

1997-ல் அமெரிக்காவில் மைக்கேல் ஜியாங்கிரேக்கோ குழுவினர் கவனித்ததும் இதுதான். உதவியாளர் ஒட்டியே இருந்தால் ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார், சக பிள்ளைகள் விலகுகிறார்கள், குழந்தை அடுத்தவர் கையையே எதிர்பார்க்கப் பழகுகிறது. 2009-ல் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் குழுவினரின் பிரிட்டிஷ் ஆய்வு, உதவி அதிகம் பெற்ற மாணவர்கள் பாடத்தில் குறைவாகவே முன்னேறியதைக் காட்டியது. அதுக்காக உதவியாளரே வேண்டாம்னு முடிவு கட்டக் கூடாது. அந்த ஆய்வாளர்களும் அவர்கள்மேல் பழி போடவில்லை. சேர்ந்து திட்டமிட நேரமில்லை, உதவியாளரோடு வேலை செய்ய ஆசிரியர்களுக்குப் பயிற்சியுமில்லை என்றார்கள்.

நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஆசிரியருக்கும் பயிற்சி தரச் சொல்கிறது, உதவிப் பணியாளருக்கும் தரச் சொல்கிறது. ஆனால் தனித்தனியாக. ரெண்டு பேரும் சேர்ந்து வேலை செய்யக் கத்துக்கணும்னு அந்தப் பிரிவில் இல்லை. நல்லா புரோகிராம் எழுதுறவரைத் திடீர்னு டீம் லீட் ஆக்கினா என்ன ஆகும்னு எங்க துறையில் எல்லாருக்கும் தெரியும். வேலையைப் பிரிச்சுக் கொடுப்பதும், கூட இருந்து சரிபார்ப்பதும் தனித் திறமை. பயிற்சி இல்லாமல் வராது.

இதுக்குப் பெரிய திட்டம் வேண்டாம். பயிற்றுநர் வரும் ஒவ்வொரு முறையும் உதவியாளரோடு பதினைந்து நிமிஷம், ஒரு பக்கக் குறிப்பு: பிள்ளை தானே செய்வது எது, எங்கே காத்திருக்கணும், எப்போ கை கொடுக்கணும். அடுத்த முறை அதைச் சேர்ந்து படித்துத் திருத்தணும். பி.எட். சிறப்புக் கல்வி மாணவர்கள் பள்ளிப் பயிற்சியிலேயே இதைச் செய்து பழகட்டும். அந்தப் பதினைந்து நிமிஷம் பயிற்றுநரின் வேலை நேரத்தில் சேரணும், ஆயாவின் வேலை நேரத்திலும் சேரணும்.