கோப்பு யார் பெயரில்? குடும்ப வன்முறையாளர் கண்காணிப்பு: ஒரு மதிப்பீடு

குடும்ப வன்முறையிலும் பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதிலும் ஈடுபடுவோரில் ஒருசாரார் ஒரு பெண்ணோடு நிறுத்துவதில்லை. அவள் தப்பித்துப் போனால் அடுத்தவளிடம் அதையே தொடங்குகிறார்கள். இத்தகையோரைக் கண்காணிப்பதற்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் கடந்த இருபது ஆண்டுகளில் பல சட்டங்களும் திட்டங்களும் வந்துள்ளன. அவை யாரைக் கண்காணிக்கின்றன, சுமையை யார் தலையில் வைக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளேர் சட்டம்

2009 பிப்ரவரியில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் கிளேர் வுட் என்ற பெண் அவருடைய முன்னாள் காதலனால் கொல்லப்பட்டார். அதற்கு முன்பே அவர் காவல்துறையிடம் முறையிட்டிருந்தார். கொன்றவன் ஏற்கெனவே வேறு பெண்களைத் துன்புறுத்தியவன் என்பது காவல்துறை ஏடுகளில் இருந்தது. கிளேருக்கு அது முழுமையாகத் தெரியாது. அவருடைய தந்தை நடத்திய இயக்கத்தின் பயனாக, துணைவரின் வன்முறைப் பின்னணியைக் காவல்துறையிடம் கேட்டறியும் திட்டம் 2014 மார்ச்சில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. 'கேட்கும் உரிமை', 'அறியும் உரிமை' என்று அதற்கு இரு பிரிவுகள் உண்டு. முதலாவதில் பெண்ணோ அவளுக்கு நெருங்கியவரோ கேட்கலாம். இரண்டாவதில் ஆபத்தை உணர்ந்த காவல்துறை தானே முன்வந்து சொல்லலாம்.

நல்ல திட்டம்தான். ஆனால், கேட்க வேண்டுமானால் முதலில் சந்தேகம் வர வேண்டும். அன்பாகப் பழகும் ஒருவன்மேல் தொடக்கத்தில் யாருக்குச் சந்தேகம் வரும்? தகவல் கிடைத்த பிறகும் விலகுவதா, இருப்பதா என்ற முடிவு அவள் தலையில்தான் விழுகிறது. விலகும் காலமே மிக ஆபத்தான காலம் என்பதும் இத்துறையினர் நன்கு அறிந்த செய்தி.

பாதிக்கப்பட்டவர் பெயரில் திறக்கப்படும் கோப்பு

2003இல் வேல்சின் கார்டிஃப் நகரில் தொடங்கிய 'மராக்' கூட்டம் மற்றொரு ஏற்பாடு. காவல்துறை, மருத்துவத் துறை, வீட்டுவசதித் துறை, பெண்கள் உதவி அமைப்புகள் முதலானவை ஒரே மேசையில் அமர்ந்து, பெரும் ஆபத்தில் உள்ள ஒருவரை எப்படிக் காப்பது என்று திட்டமிடுகின்றன. இதனால் காக்கப்பட்டோர் உண்டு. எனினும் இங்கே கோப்பு பாதிக்கப்பட்டவரைச் சுற்றியே அமைகிறது. பூட்டை மாற்றுவது, வீட்டை மாற்றுவது, தொலைபேசி எண்ணை மாற்றுவது என எல்லா மாற்றமும் அவளுக்குத்தான். அவள் பாதுகாப்பாக வேறிடம் சேர்ந்ததும் அந்தக் கோப்பின் வேலை முடிந்துவிடும். அவனுடைய வேலை முடிவதில்லை.

பள்ளியில் நாங்களும் இத்தவற்றைச் செய்திருக்கிறோம். பக்கத்துப் பிள்ளையை அடிக்கும் மாணவன் இருந்தால், அடிபட்ட பிள்ளையை வேறு பெஞ்சில் உட்கார வைப்போம். வகுப்பு அமைதியானதாகத் தோன்றும். அடுத்த வாரம் அந்த இடத்தில் உட்கார்ந்த பிள்ளை அழுதுகொண்டு வரும்.

'வேண்டும்' என்பதும் 'கூடும்' என்பதும்

குற்றவாளியின் பெயரிலேயே கோப்பு திறக்கும் அமைப்பும் அங்கே உண்டு. 'மாப்பா' எனப்படும் அதில் காவல்துறை, சிறைத்துறை, நன்னடத்தைக் கண்காணிப்புத் துறை ஆகிய மூன்றும் சேர்ந்து பொறுப்பேற்கின்றன. பதிவு செய்யப்பட்ட பாலியல் குற்றவாளிகளும், குறிப்பிட்ட வன்முறைக் குற்றங்களுக்கு 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களும் அதில் தாமாகவே சேர்க்கப்படுவர். மற்ற ஆபத்தானவர்களைச் சேர்ப்பது அதிகாரிகளின் விருப்பம். பலமுறை புகாருக்கு உள்ளாகியும் சிறிய தண்டனையோடு தப்பியவர்கள் இந்த மூன்றாம் வகைக்குள் வந்தால்தான் உண்டு.

இதை மாற்றவே 2021 மார்ச்சில் பிரபுக்கள் சபை, குடும்ப வன்முறைச் சட்ட முன்வடிவில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. தொடர்ந்து இக்குற்றங்களைச் செய்வோரைக் கட்டாயமாகப் பதிவுசெய்து கண்காணிக்க வேண்டும் என்றது அது. இருக்கும் ஏற்பாடே போதும், புதிய வகை சிக்கலைத்தான் கூட்டும் என்று அரசு வாதிட்டது. மக்கள் சபை திருத்தத்தை ஏற்கவில்லை. சட்டப்படி சேர்க்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் 'சேர்க்கக்கூடும்' என்பதற்கும் 'சேர்க்க வேண்டும்' என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் பெண்கள் உயிரிழக்கிறார்கள். 2024இல் வந்த சட்டம், துணைவரை அடக்கி ஆளும் குற்றத்துக்கு 12 மாதமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்களைக் கட்டாயக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. இது முன்னேற்றமே. ஆனால் அதற்குக் குறைந்த தண்டனை பெற்றவர்களும், வழக்கே தீர்ப்புவரை போகாதவர்களும் இன்னும் வெளியேதான்.

2019ஆம் ஆண்டின் பின்தொடர்தல் தடுப்பு ஆணைச் சட்டம் வேறொரு வழியைக் காட்டுகிறது. காவல்துறையே நீதிமன்றத்தை நாடலாம். தண்டனைத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆணை பெற்றவன் தன் பெயரையும் முகவரியையும் மூன்று நாளுக்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை. இங்கே சுமை உரிய இடத்துக்கு வருகிறது. ஆனால் இதுவும் காவல்துறை விண்ணப்பித்தால்தான் நடக்கும்.

பதிவேடு மட்டும் போதுமா?

போதாது. கிளேர் வழக்கிலும் ஏட்டில் பெயர் இருந்தது. அதைப் பார்த்துச் செயல்பட வேண்டியவர் செயல்படவில்லை. நிரூபிக்கப்படாத புகாரை வைத்து ஒருவரை ஆயுள் முழுவதும் பட்டியலில் வைத்திருப்பதும் நீதியாகாது. ஆகவே நீதிமன்றத் தீர்ப்போ ஆணையோ இருமுறை பெற்றவர்களைக் கட்டாயமாகச் சேர்த்து, காலவரையும் மேல்முறையீட்டு உரிமையும் வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். இது நடக்காத காரியம் அன்று. 2016இல் தொடங்கிய 'டிரைவ்' திட்டத்தில், வன்முறையாளர் ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனிக்க ஓர் அலுவலர் உண்டு. அவன் திருந்த வாய்ப்பளிப்பதும், திருந்தாவிட்டால் காவல்துறையோடு சேர்ந்து தடுப்பதும் அவர் பணி. சில பகுதிகளில் முயன்று பார்த்ததை எல்லாப் பகுதிக்கும் கொண்டுசெல்ல ஆளும் பணமும் வேண்டும்.

இந்தச் சட்டங்களைப் படிக்கும் மாணவர்கள் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்த ஆள் ஊர் மாறி வேறொரு பெண்ணோடு குடியேறினால், அவன் வந்த செய்தி அவ்வூர்க் காவல் நிலையத்தில் யாருக்குத் தெரியும்? இதற்குத் தெளிவான விடை தராத ஏற்பாடு, முதல் பெண்ணைக் காத்தாலும் இரண்டாம் பெண்ணைக் காக்காது.