வானம் காட்டுகிறவர்கள்

மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில் சனியைக் காட்டப் பழகியவர் அதைக் கண்வில்லையின் நடுவில் வைக்க மாட்டார். கிழக்கு ஓரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்பார். பூமி சுழல்வதால் கோள் பார்வை வட்டத்துக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். நூற்றைம்பது மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். வரிசையில் அடுத்து நிற்கும் பாட்டி ஸ்டூலில் ஏறி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றலாமா என்று யோசித்து, ஒரு கண்ணை மூடி மறுகண்ணைப் பொருத்துவதற்குள் அரை நிமிடத்துக்கு மேல் கழிந்துவிடும். அவர் பார்க்கத் தொடங்கும்போது சனி நடுவுக்கு வந்திருக்கும். பழகாதவர் முதலிலேயே நடுவில் வைத்துவிடுவார். பாட்டி குனியும்போது கோள் ஓரத்தைத் தாண்டிக்கொண்டிருக்கும். "ஒண்ணும் தெரியலையேப்பா" என்று சொல்லி இறங்கிவிடுவார். அந்தப் பாட்டி இன்னொரு முறை வரிசையில் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

வானம் காட்டுவதை ஒரு கலையாகவே நான் ரசிக்கிறேன். மேடை இல்லை, கட்டணம் இல்லை. பள்ளி மைதானத்திலோ மொட்டை மாடியிலோ டெலஸ்கோப்பை இறக்கி வைத்து, முன்பின் தெரியாதவர்களுக்கு வானத்தைக் காட்டிவிட்டு, நள்ளிரவில் எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிற தன்னார்வலர்களின் கலை அது. லாப நோக்கில்லாத அமைப்புகள்தாம் இதை உயிரோடு வைத்திருக்கின்றன: அமெச்சூர் வானியல் கிளப்புகள், 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆந்திரத்தில் 1988 முதல் இயங்கும் ஜன விஞ்ஞான வேதிகா போன்றவை. பாட்டுக்கும் பரதத்துக்கும் விமர்சகர்கள் இருக்கிறார்கள். இந்தக் கலைக்கும் நுட்பங்கள் உண்டு, தரம் உண்டு, கவனிக்கிறவர்தான் குறைவு.

திருப்பதியும் சித்தூரும் இந்தக் கலைக்கு வாய்ப்பான நிலம். திருப்பதியின் அட்சரேகை 13.6 பாகை. துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். ஆகவே இங்கே அது அடிவானத்திலிருந்து ஏறக்குறைய பதினான்கு பாகைதான் எழும்பும். ஊருக்கு வடக்கே சேஷாசல மலை சுவராக நிற்கிறது. அடிவாரத்தை மிகவும் ஒட்டி நின்றால் துருவ நட்சத்திரம் மலைக்குப் பின்னால் போய்விடும். இந்த மண்ணை அறிந்தவர் அதனால் வடக்கோடு மல்லுக்கட்ட மாட்டார். கூட்டத்தைத் தெற்கே திருப்புவார். தை, மாசியில் அகத்திய விண்மீன் தெற்கில் நன்றாக மேலெழுந்து நிற்கும். சித்திரை பிற்பகுதியில் தென் சிலுவை தெரியும், அதன் இடப்பக்கம் ஆல்ஃபா செண்டாரி வரும், அவற்றுக்கு மேலே ஒமேகா செண்டாரி. லண்டனிலிருந்து எந்நாளும் காண முடியாத விண்மீன் கொத்து இது. ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒற்றை விண்மீன். ஆறு அங்குல டெலஸ்கோப்பில் பார்த்தால் விளிம்பெல்லாம் பொடிப்பொடியாகப் பிரிந்து தெரியும். ஆந்திரத் தென்கோடியின் வானத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் நல்ல காட்டுநர் ஒமேகா செண்டாரியில் ஆரம்பிக்க மாட்டார். நிலவில் ஆரம்பிப்பார், அதுவும் வளர்பிறை ஏழாம் எட்டாம் நாள் நிலவில். பௌர்ணமி நிலவில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழல் கிடையாது. வெள்ளைத் தட்டைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்புவார்கள். அரை நிலவில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டருகே ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் நீண்ட நிழல் போடும். "ஐயோ, குழி குழியா இருக்கே" என்ற குரல் அங்கிருந்துதான் எழும். அதன் பிறகு வியாழனும் அதன் நான்கு பெரிய துணைக்கோள்களும். அதற்குள் இருட்டுக்குக் கண் பழகியிருக்கும். முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். மங்கலான பொருள்களின் முறை அப்போதுதான் வரும். இடையில் யாராவது செல்போனை ஒளிரவிட்டால் அவ்வளவும் வீண். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருப்பவரைக் கண்டாலே, இவர் தொழில் தெரிந்தவர் என்று மதித்துவிடுவேன்.

மிருதங்கக்காரர் எங்கே வாசிக்காமல் விட வேண்டும் என்று அறிந்திருப்பதுபோல, காட்டுநர் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். கண்வில்லையில் கண் வைத்தவரிடம் "தெரியுதா, வளையம் தெரியுதா, பக்கத்துல புள்ளி தெரியுதா" என்று நச்சரித்தால் அவர் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆமாம் போடத் தொடங்குவார். "என்ன தெரியுது, சொல்லுங்க" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஒதுங்குகிறவரே உயர்ந்தவர். 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்குத் தன் விளிம்பைத் திருப்பியது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்வது இது. அத்தகைய காலத்தில் சனியைத் தவிர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அந்த மெல்லிய கோட்டையே காட்டி, கோள் சாய்ந்த அச்சோடு சூரியனைச் சுற்றுவதை ஒரு பந்தையும் வளையலையும் வைத்து விளக்குகிறவர்கள்மேல்தான் எனக்கு மரியாதை.

கேள்விகளை எதிர்கொள்வது இந்தக் கலையின் கடினமான பகுதி, இந்த வட்டாரத்தில் மேலும் கடினம். திருப்பதியிலிருந்து சிறு தூரத்தில் ஸ்ரீகாளஹஸ்தி. ராகு கேது பரிகாரத்துக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வரும் தலம். கிரகண நேரத்திலும் நடை சாத்தாத கோயில். இங்கே டெலஸ்கோப் வைத்தால் "இதுல ராகு தெரியுமா?" என்ற கேள்வி வந்தே தீரும். பதில் சொல்லும் விதத்தில் காட்டுநரின் தகுதி வெளிப்பட்டுவிடும். கேட்டவரைச் சிறுமைப்படுத்திச் சிரிப்பவர் அந்தக் குடும்பத்தையே வானத்திலிருந்து துரத்திவிடுகிறார். கற்றவர் வேறு மாதிரி சொல்வார். வானத்தில் சூரியன் போகும் பாதையும் நிலவு போகும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு இடங்களே ராகுவும் கேதுவும். அவற்றின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால் கிரகணம். அந்த இடங்களும் நிலையாக நில்லாமல் 18.6 ஆண்டுகளில் வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரும். இதையெல்லாம் கணக்கிட்டே நம் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணம் குறித்தார்கள். இப்படிச் சொன்னால் கேட்டவர் முகம் மலர்வதைக் காணலாம். தான் நம்பியிருந்த பெயருக்கு வானத்தில் ஓர் இடம் இருக்கிறது, அதைக் கணக்கிட முடியும் என்பது அவருக்கு இழப்பாகத் தோன்றுவதில்லை.

இந்த வழியை நமக்கு முதலில் போட்டுக்காட்டியவர்களில் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து சென்னை வானோக்கு நிலையத்தில் பணிபுரிந்தவர். 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற ஒளி மாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தது. அதை மக்களுக்கு விளக்க அவர் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தோடு நம் நாட்டு மொழிகளிலும் அது வெளிவந்தது. ஒரு பண்டிதரும் ஒரு சித்தாந்தியும் உரையாடும் வடிவத்தில் அதை அமைத்தார். மரபுக் கல்வியில் ஊறியவர் ஐயம் கேட்கிறார், கணிதம் அறிந்தவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பொதுமக்களுக்கு வானியல் சொல்ல அதைவிட நல்ல வடிவம் எனக்குத் தெரியவில்லை.

குப்பத்துக்குத் தென்கிழக்கே, எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில், ஜவ்வாது மலையில் காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிறது. வானியலாளர் வேணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம். 1968-இல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போடு அங்கே பணி தொடங்கியது, 1972-இல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. அவர் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982-இலேயே மறைந்துவிட்டார். காவலூரின் கதைகள் சித்தூர்ப் பக்கத்துக் காட்டுநரின் கையில் இருக்கும் பெரிய செல்வம். வியாழனைக் காட்டும்போது பக்கத்தில் நிற்கும் புள்ளிகளில் கனிமீடு எது என்று சுட்டி, "1972 ஜூன் மாதம் இது ஒரு விண்மீனை மறைத்ததை நம்ம பக்கத்து மலையில இருந்து அளந்தாங்க, இதுக்கு வளிமண்டலம் இருக்கலாம்னு அப்ப சொன்னாங்க" என்று சொல்லலாம். பின்னால் வாயேஜர் விண்கலம் நெருங்கி ஆராய்ந்தபோது, இருந்தாலும் அவர்கள் நினைத்ததைவிட மிகமிக மெலிதாகவே இருக்கும் என்று தெரியவந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் முன்பே அந்த விண்மீனின் ஒளி சற்று மங்கியதைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதை வெளிப்படுத்திய இரவு அது. ஆராய்ச்சி என்றால் எங்கோ கடல் தாண்டி நடப்பது என்று எண்ணியிருக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தி போதும்.

பாப்புவின் வாழ்விலேயே லாப நோக்கற்ற ஒரு சங்கத்தின் சுவடு இருக்கிறது. 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டறிந்ததற்காக அவருக்குப் பசிபிக் வானியல் சங்கம் பதக்கம் அளித்தது. 1889-ஆம் ஆண்டின் முதல் நாள் நிகழ்ந்த சூரிய கிரகணத்தைச் சேர்ந்து கண்ட கலிபோர்னியாவின் தொழில்முறை வானியலாளர்களும் அமெச்சூர்களும், பிரிந்துபோக மனமில்லாமல், அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய சங்கம் அது.

அதே நகரத்துத் தெருவோரத்தில்தான் ஜான் டாப்சன் நின்றார். 1944 முதல் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்தத் துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல்களின் பழைய கண்ணாடியைக் கையால் தேய்த்து ஆடி செய்தவர். மடத்தை விட்டு வெளியேறிய பின் 1968-இல் நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தொடங்கி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். பிளைவுட் பெட்டிமேல் உட்கார்ந்து ஒரு விரல் தள்ளலுக்குத் திரும்பும் டெலஸ்கோப்புக்கு இன்று உலகமெங்கும் அவர் பெயர்தான். நம் ஊர் கிளப்புகளில் "டாப்சோனியன்" என்றால் அதுதான்.

ஆடி தேய்ப்பது இந்தக் கலையின் கருவறை. இரண்டு வட்டக் கண்ணாடிகள், நடுவில் கார்பொரண்டம் பொடியும் தண்ணீரும். மேல் கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தேய்த்தால் மேலது குழியும், கீழது மேடாகும். பொடியை மேலும் மேலும் நைசாக மாற்றிக்கொண்டு போய், கடைசியில் பிட்ச் பரப்பின்மேல் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்றுவார்கள். குவியத் தூரம் நாலடியாக அமையும் ஆறு அங்குல ஆடியின் நடுவில் விழும் மொத்தக் குழி 1.2 மில்லிமீட்டர் ஆழம்தான். அந்தக் கோளக் குழியைப் பரவளையமாக மாற்றக் கடைசியாகச் சீவ வேண்டியது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கையால் செய்கிறார்கள்! சரிபார்க்க ஒரு சிறு விளக்கும் ஒரு பிளேடும் போதும். 1850-களின் இறுதியில் ஃபூக்கோ கண்டுபிடித்த சோதனை அது. ஆடியின்மேல் கட்டைவிரலைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால், அந்தச் சூட்டில் கண்ணாடி வீங்கிய மேடு சோதனையில் கண்ணுக்குத் தெரியும். ஆறும்வரை காத்திருந்துதான் மறுபடி அளக்க வேண்டும். விலைக்கு வாங்கிய டெலஸ்கோப்போடு வருகிறவரையும் தானே ஆடி தேய்த்தவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரியும். இரண்டாமவருக்கு அவசரமே இருக்காது.

1972-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்திய வானியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் 2020 பிப்ரவரியில் திருப்பதி ஐசர் ஆய்வு நிறுவனத்தில் நடந்தது. அச்சங்கத்தின் மக்கள் தொடர்புக் குழு 2014 முதல் இயங்குகிறது. நிழலில்லா நாளை நாடெங்கும் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. திருப்பதியிலும் சித்தூரிலும் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும் ஆகஸ்ட் நடுவில் ஒரு நாளும் உச்சிவேளையில் செங்குத்துக் கம்புக்கு நிழல் விழாது. ஒரு கம்பும் வெயிலும் போதும், ரூபாய் செலவில்லை. இத்தனைக்கும் தேவைப்படுவது ஆள் பலம்தான். தன்னார்வலர்களுக்கு வண்டிச் செலவும் சொந்தம், கருவிச் செலவும் சொந்தம். ஒரு நல்ல கண்வில்லை வாங்கக் கூடிப்பேசிப் பணம் திரட்டும் நிலைதான் பல கிளப்புகளில்.

சித்தூர், திருப்பதி மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே, வளர்பிறை ஏழாம் நாள் ஒன்றைப் பார்த்து இந்த அமைப்புகளில் ஒன்றைக் கூப்பிடுங்கள். பெற்றோரையும் வரச் சொல்லுங்கள். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுங்கள், வண்டிச் செலவைக் கையில் கொடுங்கள். மைதானத்து ஃபோகஸ் விளக்கை இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை அணைத்து வையுங்கள்.